இரண்டு சர்வர்களுக்கும் வித்தியாசம் இல்லை

என் அக்காவின் வீடு ஒரு மென்பொருளால் போனது என்று சொன்னால் எங்கள் எஸ்டேட்டில் எவரும் நம்பமாட்டார்கள். கம்பெனி விரட்டிவிட்டது என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் எந்த வழியாக விரட்டியது என்பது எனக்குத் தெரியும். அந்த வழியைத் திறந்துவிட்ட ஆபீசில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

ஆபீஸ் வாளையார் ரோட்டில் இருக்கிறது. லாரி போகும்போதெல்லாம் மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். கம்பெனிக்கு இடுக்கிப் பக்கம் தேயிலையும் ஏலமுமாகச் சில எஸ்டேட்டுகள் உண்டு. அதில் ஒன்றில்தான் நான் பிறந்தேன், போடிமெட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில். அம்மா கொழுந்து பறித்தாள். அவளுக்குப் பிறகு அக்கா பறித்தாள். நான் படித்து, கீழே இறங்கி, பாலக்காட்டில் டேட்டாபேஸ் பார்க்கிற ஆளானேன். அந்த எஸ்டேட்டை இந்தக் கம்பெனி வாங்கியது பிறகு நடந்தது. வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கம்பெனியில் இரண்டு சர்வர்கள். ஒன்று மலையில், தேயிலை ஃபேக்டரி ஆபீசில். இன்னொன்று எங்களிடம். இரண்டிலும் ஓடுவது ஒரே மென்பொருள்தான். ஆனால் மேலே இருப்பது பழைய முதலாளி காலத்திலிருந்தே ஓடுகிறது. அங்கே கிளார்க்காக இருந்த மலையாளி சேச்சி தேவைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். மழைநாளில் கொழுந்தில் ஈரத்துக்குக் கழிக்கும் எடைக்கு ஒரு பத்தி. மழைக்குப் போர்த்தத் தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்தாயிற்றா என்பதற்கு ஒரு பத்தி. பத்தி என்று நான் சொல்வது அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும் வரிசையை. பாலக்காட்டு சர்வரில் இதெல்லாம் கிடையாது. இங்கே ஏசி ரூமில் உட்கார்ந்து வரைந்தவனுக்குக் கம்பளி எதற்கு என்றே தெரிந்திருக்காது.

இரண்டையும் ஒன்றுபோல ஆக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் இரண்டின் ஸ்கீமாவையும் ஒப்பிட வேண்டும். ஸ்கீமா என்றால் டேட்டாபேஸின் அமைப்பு, அவ்வளவுதான். தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் எத்தனை கதவு, எந்தக் கதவில் என்ன எண் என்று சொல்வதைப் போல. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று அது சொல்லாது.

மேலே இருந்த பத்திகளில் ஒன்று 'யாருக்குப் பதில்' என்பது. அதைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் பக்கத்தில் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் லயத்தில் வீடு. தற்காலிகத்துக்குக் கிடையாது. ஒரு பொம்பளைக்கு உடம்பு முடியாமல் போனால், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற மஸ்டருக்குத் தன் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு வருவாள். "இனி என் எடத்துல இவ நிப்பா" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். சூப்பர்வைசர் தலையாட்டுவார். கிளார்க் பதிந்துகொள்வார். அவ்வளவுதான் சடங்கு. கடிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அன்றிலிருந்து தாயின் நிரந்தரம் மகளுக்கு. தாயின் வீடும் மகளுக்கு. அம்மாவுக்கு மூட்டு போனபோது அக்காவை அப்படித்தான் கூட்டிப்போய் நிறுத்தினாள். அத்தான் செத்துப்போயிருந்த வருஷம் அது. சேச்சி அக்காவின் வரிசையில், 'யாருக்குப் பதில்' என்ற பத்தியில், அம்மாவின் எண்ணைத் தட்டினார். அக்கா நிரந்தரம் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே பதிவு அதுதான். பழைய முதலாளி போகும்போது காகிதங்களையெல்லாம் தன்னோடு கொண்டுபோய்விட்டார். எங்களுக்கு வந்தது கம்ப்யூட்டர் மட்டும்.

ஒப்பிடும் வேலையை முதலில் நான்தான் தொடங்கினேன். டேட்டாபேஸோடு கூடவே வரும் கருவியை வைத்து. இலவசம், அழகு கிடையாது. இரண்டு பக்கத்து அமைப்பையும் எழுத்தாக இறக்கி, இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரே பத்தி இந்தப் பக்கம் மூன்றாவதாகவும் அந்தப் பக்கம் கடைசியிலும் இருந்தால் அதையும் வித்தியாசம் என்று காட்டும். எந்தப் பத்தியில் என்ன வரலாம் என்கிற கட்டுப்பாடுகளுக்கு டேட்டாபேஸே வைத்துக்கொள்ளும் கன்னாபின்னாப் பெயர்கள் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும், அதையும் காட்டும். பாதிக்கு மேல் வெறும் பதர். புடைத்து எடுப்பதற்குள் கண் போய்விடும். ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு வரியையும் நீ படித்தே ஆகவேண்டும். படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் மேலே போன் போட்டுக் கேட்பேன். சேச்சி ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் வந்தவர் பாதிக்குத் தெரியாது என்பார். பிறகு சேச்சியையே வீட்டில் கூப்பிட்டுக் கேட்பேன். அப்படித்தான் நாள் போயிற்று.

எங்கள் மேனேஜர் பாலக்காட்டை ஒட்டிய சித்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். அந்த மரியாதையோடேயே ஆளைக் கொல்வார். ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, ரெண்டு சர்வர ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு இத்தன நாளுங்களா? பொண்ணு பாக்கப் போயிருந்தாக்கூட இந்நேரம் கல்யாணமே முடிஞ்சிருக்குமுங்க."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதே வாரத்தில் வெளியே விற்கிற ஒரு கருவியை வாங்கிப் போட்டார்.

பொய் சொல்லமாட்டேன், அந்தக் கருவி நல்ல கருவி. திரையில் இடது பக்கம் ஒரு சர்வர், வலது பக்கம் இன்னொன்று. ஒன்றில் மட்டும் இருப்பது ஒரு நிறம், மாறியிருப்பது வேறு நிறம். பத்தியின் வரிசை மாறியதைக் கண்டுகொள்ளாதே என்றால் கண்டுகொள்ளாது. நான் வாரக்கணக்கில் புடைத்த பதரை ஒரே மூச்சில் ஊதித் தள்ளியது. தேடலை வேகமாக்க வைத்திருக்கும் இண்டெக்ஸ்களில் நான் கோட்டைவிட்டிருந்த இரண்டையும் காட்டிக்கொடுத்தது. இலவசக் கருவியே உசத்தி என்று சிலர் ஜம்பமடிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கையால் செய்தால் பிழை வராது என்பதும் பொய். என் கோபம் கருவி மேல் இல்லை.

வித்தியாசங்களைக் காட்டியதோடு அந்தக் கருவி நிற்பதில்லை. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கம் போல ஆக்கிவிடட்டுமா என்று கேட்கும். ஒரு பட்டன். அங்கேதான் பிடித்தது சனி. எது எதைப் போல ஆவது? கூட்டத்தில் யாரும் அதை ஒரு கேள்வியாகவே எடுக்கவில்லை. தலைமை ஆபீஸ் அமைப்பு சரி, மலை தப்பு. மலை மாற வேண்டும். அவ்வளவுதான்.

நான் பேசினேன். ஈரக் கழிவு வேண்டும் என்றேன், கம்பளி வேண்டும் என்றேன். 'யாருக்குப் பதில்' பத்தியைத் தொடவே கூடாது, அதில்தான் பல குடும்பங்களின் வீடு இருக்கிறது என்றேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். ஈரத்தையும் கம்பளியையும் எடுத்துவிடலாம், 'யாருக்குப் பதில்' நம்மிடம் இருக்கிற 'வாரிசு' பத்தியோடு சேர்ந்துவிடும், இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றல்ல. வாரிசு என்பது நான் செத்தால் யாருக்கு என்பது. மற்றது நான் யாருடைய இடத்தில் நிற்கிறேன் என்பது. ஒன்று கீழ்நோக்கி, மற்றது மேல்நோக்கி. சரி, உங்களுக்கு ஒன்றாகவே இருக்கட்டும், முதலில் உள்ளே இருப்பதை ஒரு தனி இடத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு செய்யுங்கள் என்றேன். பத்திக்குப் பெயர் மாறினால் இந்தக் கருவிகளுக்குப் புரியாது. பழையது ஒழிந்தது, புதியது பிறந்தது என்றே எடுத்துக்கொள்ளும். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைக் காலியாக வைக்கும்.

"அதெல்லாம் அதுவே புரிஞ்சுக்குமுங்க. காசு குடுத்து வாங்கியிருக்கோம்."

மறுவாரம் வண்டன்மேட்டில் எங்கள் ஏலக்காய் கோடவுன் ஆபீசில் பிரிண்டர் ஓடவில்லை என்று என்னை அனுப்பினார்கள். டேட்டாபேஸ் பார்க்கிறவனைப் பிரிண்டருக்கு அனுப்பினார்கள். சாக்கு மணத்தில் உட்கார்ந்து நான் டோனர் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பாலக்காட்டில் அந்தப் பட்டனை அழுத்தினார்கள். உள்ளே இருக்கும் தகவல் அழியுமானால் நிறுத்து என்று அந்தக் கருவியில் ஒரு காவல் உண்டு. அது ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நிறுத்தியது, அதனால் அதை எடுத்துவிட்டோம் என்று பிற்பாடு சொன்னார்கள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்கள். வாசலில் குரைக்கிற நாயைத் தொல்லை என்று அவிழ்த்து விரட்டிவிட்டோம் என்பதுபோல.

நான் திரும்பி வந்தபோது எல்லார் கையிலும் டீயும் பழம்பொரியும். வேலை முடிந்தது, நீங்களும் ஒருதரம் உங்கள் கருவியில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் எழுத்தாக இறக்கி ஒப்பிட்டேன். வித்தியாசம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் அப்படி ஒரு வெற்றுத் திரையைப் பார்ப்பதற்கு ஈடான சந்தோஷம் கிடையாது. 'யாருக்குப் பதில்' போய் 'வாரிசு' வந்திருந்தது. உள்ளே இருந்ததை மாற்றினீர்களா என்று கேட்டேன். எல்லாம் ஆயிற்று என்றார்கள். டேட்டாபேஸ் பார்க்கிற எங்கள் சாதியே இப்படித்தான். கதவை எண்ணுவோம், எண்ணைச் சரிபார்ப்போம், உள்ளே எட்டிப்பார்க்கமாட்டோம்.

மழைக்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டதும் கம்பெனி லயங்களைக் கணக்கெடுத்தது. எங்கள் வரிசை ரோட்டோரம் இருக்கிறது. முன்னால் பள்ளத்தாக்கு, தூரத்தில் போடி தெரியும். சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற இடம். அதை இடித்துக் கட்டக்கூட வேண்டாம், வெள்ளையடித்து ஒரு குளியலறை ஒட்டினால் அவர்களுக்கே வாடகைக்கு விடலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். எந்தெந்த வீட்டில் நிரந்தரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று சர்வரைக் கேட்டார்கள். சர்வர் சொல்லிற்று.

அக்கா போன் செய்தாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், மலையாளத்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொன்னேன், வீடு அம்மா பேரில், அவள் ஓய்வுபெற்றவள், குடியிருப்பவள் தற்காலிகம் என்று எழுதியிருக்கிறதாம் என்றாள். பயப்படவில்லை. ஏதோ ஆள் மாறி ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

"ஒன் ஆபீஸ்ல இருந்துதானல வந்திருக்கு. நீ பாத்து சொல்லிரு தம்பி, என்ன?"

அப்போதுதான் உள்ளே எட்டிப்பார்த்தேன். 'வாரிசு' பத்தி முழுக்கக் காலி. ஒரு வரிசை விடாமல் காலி.

பேக்கப், அதாவது காப்பு நகல், இருக்குமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருந்தது. இடம் போதவில்லை என்று பழையதன் மேலேயே புதியதை எழுதி எழுதி, மழைக்காலத்துக்கு முந்தையது ஒன்றும் மிஞ்சவில்லை. மலையில் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க், பிறகு அங்கே புதிய சர்வர் வந்ததும் பழைய இரும்புக்குப் போயிருந்தது. என்னிடம் மிஞ்சியது நான் முதலில் இறக்கி வைத்திருந்த எழுத்துக் கோப்பு மட்டும். மலை சர்வரின் ஸ்கீமா. அதில் தொழிலாளி அட்டவணையில் தெளிவாக இருக்கிறது: 'யாருக்குப் பதில்' என்று ஒரு பத்தி உண்டு, அதில் எண் இருக்கும், அந்த எண் அதே அட்டவணையில் இருக்கிற இன்னொரு தொழிலாளியுடையதாக இருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறது. அக்கா இல்லை.

சேச்சியைக் கூப்பிட்டேன். நன்றாகவே நினைவிருந்தது அவருக்கு. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நொண்டி நொண்டி மஸ்டருக்கு வந்ததைக்கூடச் சொன்னார். அதையே ஒரு காகிதத்தில் எழுதித் தாருங்கள் சேச்சி என்றேன்.

"மோனே, எனிக்கு ஓர்மயுண்டு. எழுதித் தரான் பற்றில்ல."

நினைவிருக்கிறது, எழுதித் தர முடியாது. அவருடைய ஓய்வுக்காலப் பலன்கள் இன்னும் அதே கம்பெனியின் மேசையில் கிடந்தன. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

யூனியன்காரர் ரெக்கார்டு கொண்டா, பேசுகிறோம் என்றார். பி.எஃப். காகிதத்தைக் காட்டினோம். அதில் அக்கா வேலைக்குச் சேர்ந்த நாள் இருக்கிறது, யாருடைய இடத்தில் சேர்ந்தாள் என்று இல்லை. மஸ்டரில் அன்று நின்ற பொம்பளைகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள் அக்கா. இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். அவர்களும் அதே மாதிரி தாயின் இடத்தில் நிற்பவர்கள். அவர்கள் கதவிலும் காகிதம் ஒட்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களின் சாட்சி எதற்கு ஆகும்.

எங்கள் மேனேஜரிடம் போனேன். இதைத் திருத்துங்கள், எந்தக் குடும்பம் யாருடைய இடத்தில் என்று நானே மேலே போய் விசாரித்து நிரப்புகிறேன், லீவு போட்டுச் செய்கிறேன் என்றேன். அவர் அதே மரியாதையோடு சொன்னார்:

"நீங்க உங்க அக்காவுக்காகப் போயி சர்வர்ல எழுதுனீங்கன்னா, அதுக்குப் பேரு வேறங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க."

அன்றே எஸ்டேட் பகுதிக்கு எனக்கிருந்த எழுதும் உரிமையை எடுத்துவிட்டார்கள். பார்க்கலாம், தொடமுடியாது.

கடைசியாக மேலே எஸ்டேட் ஆபீசில் ஒரு பேச்சுவார்த்தை வைத்தார்கள். நான் அந்த எழுத்துக் கோப்பை அச்செடுத்துக் கொண்டுபோனேன். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எஸ்டேட் மேனேஜர் மலையாளத்தில் பேசினார், கத்தவில்லை. காகிதத்தை வாங்கி நான் கோடு போட்டிருந்த வரியைப் படித்தார். இப்படி ஒரு பத்தி இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன் என்றார். அதில் உங்கள் சகோதரியின் வரிசையில் என்ன இருந்தது என்று காட்டுங்கள் என்றார். காலியாகவும் இருந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். என் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த மேசையில் கொண்டுபோய் வைத்தாயிற்று. அது சரியாக அதுவரைக்கும்தான் எட்டியது. அக்கா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்தது. இதில் என் பேர் எங்கே என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

அது பிழைதான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டில் யார், எத்தனை வருஷமாக என்று வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் தெரியும். வேண்டுமென்று அழிக்கவில்லை என்பதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அழிந்தது அவர்களுக்குத் தோதாகப் போயிற்று. ரோட்டோர வரிசையில் இல்லாத ஒரு வீட்டை வேறு ஏதோ கோளாறில் சர்வர் காலி என்று காட்டியபோது அதே வாரத்தில் திருத்தினார்கள். யாரும் காகிதம் கேட்கவில்லை. எங்கள் வரிசைக்கு மட்டும் சர்வர் சொன்னதே வேதம் என்றார்கள்.

காலி பண்ணின நாளில் ஜீப் பிடித்துக்கொண்டு போனேன். பாலக்காட்டுக்கு வந்துவிடு என்று முன்பே கூப்பிட்டிருந்தேன். ஒரே ரூம், அதில் நீங்கள் நாலு பேர், எங்களை அடுப்புக்கு மேல பரண்லயா போடுவ என்று கேட்டு மறுத்துவிட்டாள். மேலேயே வாடகைக்குப் பார்த்தோம். சுற்றுலாக்காரனுக்கு ஒரு நாளைக்கு விடுகிற விலையை எங்களுக்கு ஒரு மாதத்துக்குக் கேட்டாலே எங்களால் முடியாது. கடைசியில் போடியில் ஒரு வீடு கிடைத்தது. அம்மாவை ஜீப்பின் முன் சீட்டில் தூக்கி உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். வளைவில் இறங்கும்போது மருந்துச் சீட்டை எடுத்தாயா என்று அக்காவிடம் கேட்டாள். எடுத்தாச்சும்மா என்றாள் அக்கா.

மறுவாரம் எனக்கு ஒரு வேலை வந்தது. வீடுகள் அட்டவணையில் 'விருந்தினர் அறை' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும், இரண்டு சர்வரிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். வீடுகள் அட்டவணையில் மட்டும் எனக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். சேர்த்தேன். ஒப்பிட்டேன். பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், இதைவிட வேறு வேலை எனக்குத் தெரியாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா இப்போது போடியில் ஒரு கோடவுனில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். வெயில் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் கொப்புளம். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்கா அம்மாவுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே, திடீரென்று, அந்த மிஷினில் இப்போது நான் இருக்கிறேனா, முழுசாக அழித்துவிட்டார்களா என்று கேட்டாள்.

இருக்கிறாய் என்றேன். பார்க்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது. பார்த்திருந்தேன்.

"என்னன்னு இருக்கு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "தானாக விலகியவர்னு போட்டிருக்கு."

துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நா எப்பல விலகுனேன்?"